கலைப் பட்டதாரியின் ஆய்வேடு: சில விமர்சனக் குறிப்புகள்

"ஆர்ட்ஸ் செஞ்சி என்னத்த செய்ற?" என்ற கேள்வியைக் கேளாமல் கலைப்பிரிவில் படித்து முடித்தவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. மகளின் எதிர்காலத்தை நினைத்து வாப்பா கேட்கிறார். கடையில் சாமான் கட்டிக்கொண்டே மாமா கேட்கிறார். பிள்ளையிடம் இருக்கும் பதிலும் ஒன்றுதான்: "டீச்சிங் கிடைக்கும்." அதற்குப் பிறகு இரு தரப்பும் பேச எதுவுமில்லை. நான்காண்டு படிப்பும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன். பசறைப் பிரதேசத்தில் பல ஆண்டுகளாக உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். பசறை பஸார் முஸ்லிம் பிள்ளைகளும் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளும் என்னிடம் படித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் போனவர்கள் இறுதியாண்டில் தங்கள் ஆய்வேட்டை அனுப்பி, "சேர், கொஞ்சம் பாத்துத் தாங்க" என்று கேட்பதுண்டு. அப்படி வாசித்த ஏடுகளே இக்கட்டுரையின் பொருள். மாணவரின் பெயரையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ குறிப்பிடப் போவதில்லை. குறை தனியொருவருடையது அல்ல. அது ஒரு வகைமையின் குறை.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ், வரலாறு, இஸ்லாமிய நாகரிகம் போன்ற துறைகளில் சிறப்புப் பட்டம் செய்யும் பிள்ளைக்குத் தொழிலுக்கான ஆயத்தம், பட்டப்பின் படிப்புக்கான ஆயத்தம் என்று இரண்டு இல்லை. இரண்டும் ஆய்வேடு என்ற ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. அந்த இடத்தைத்தான் நாம் சடங்காக்கி வைத்திருக்கிறோம்.

பாதையும் காத்திருப்பும்

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடி வரை ஓடும் நெடுஞ்சாலையில் பசறை இருக்கிறது. சாலையின் ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறுமுனைக்கு அருகே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். இரண்டிலும் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் 1995ல் தொடங்கிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். ஊவாவுக்கென 2005ல் பதுளையில் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் இல்லை. ஆகவே நம் மாவட்டத்துக் கலைப்பிரிவுப் பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் வீட்டை விட்டுத்தான் போக வேண்டும். விடுதி, சாப்பாடு, பஸ் காசு எல்லாவற்றையும் கூட்டினால், கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய முதலீடு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த முதலீட்டின் முடிவில் வருவது காத்திருப்பு. உயர்தரத்தை இரண்டாம் தடவை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்து, நான்காண்டு படித்து, பெறுபேறு வரும்போது பலருக்கு 26, 27 வயதாகிவிடுகிறது. இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு 28 வயதே மேலெல்லையாக இருந்து வந்திருக்கிறது. அதாவது, பட்டம் பெற்ற பின் படித்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் வாய்ப்பு. 2020ல் 50,000 வேலையற்ற பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார்கள். பாடசாலைகளுக்கும் பலர் அனுப்பப்பட்டார்கள். குடும்பங்களுக்கு அது ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ன படித்தாய், எதைச் செய்யத் தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பட்டதாரி என்பதே போதுமாக இருந்தது. திறமையைக் கேளாமல் தரப்படும் வேலையில் திறமைக்கு இடமும் இருப்பதில்லை என்பதை, பாடசாலையில் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் அறிவார்கள். பாடம் எடுக்கிறார்கள், ஆனால் ஆசிரியர் இல்லை. அலுவலகத்தில் இருக்கிறார்கள், ஆனால் வேலை இன்னதென்று வரையறுக்கப்படவில்லை.

ஏட்டின் உள்ளே

இனி ஆய்வேட்டுக்கு வருவோம். நான் பார்த்தவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். தலைப்பு "இன்னாரின் சிறுகதைகள்: ஓர் ஆய்வு" என்றிருக்கும், அல்லது "இன்னாரின் கவிதைகளில் சமூக நோக்கு". முதல் இயலில் எழுத்தாளரின் பிறப்பு, கல்வி, குடும்பம், பெற்ற விருதுகள். இரண்டாம் இயலில் அந்த இலக்கிய வடிவத்தின் தோற்றமும் வளர்ச்சியும். மூன்றாம் இயலில் வறுமை, சீதனம், பெண்கள், இனப்பிரச்சினை என்று தலைப்புப் போட்டுக் கதைச்சுருக்கங்கள். நான்காம் இயலில் உத்தியும் மொழிநடையும்: இத்தனை உவமைகள், இத்தனை பேச்சுவழக்குச் சொற்கள். முடிவுரையில் எழுத்தாளர் "இலக்கிய உலகில் தமக்கென ஓரிடத்தைப் பிடித்துள்ளார்."

இந்த வாக்கியத்தை எத்தனை ஏடுகளில் வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. எழுதிய பிள்ளையிடம், "மகள், அவர் இடம் பிடிக்கவில்லை என்று உங்கள் ஆய்வில் தெரிய வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டால் சிரிக்கும். அப்படி ஒரு முடிவு வர வழியே இல்லை என்பது அதற்கும் தெரியும். முடிவு தலைப்பு வைக்கும்போதே வந்துவிட்டது. இடையிலுள்ள நூறு பக்கமும் அதை நிரப்புவதற்குத்தான்.

இதில் கேள்வி இல்லை என்பது என் முதல் விமர்சனம். ஓர் எழுத்தாளரின் பெயர் கேள்வியாகாது. "எழுபதுகளின் மலையகச் சிறுகதைகளில் கடைக்கார முஸ்லிம் ஏன் பெரும்பாலும் கடன் கொப்பியோடு மட்டுமே வருகிறார்?" என்பது கேள்வி. அதற்குப் பதில் ஆம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம். வராமல் போனாலும் தேடியவருக்கு ஏதோவொன்று கிடைத்திருக்கும்.

இரண்டாவது, மூலத்தைத் தேடும் உழைப்பு இல்லை. அச்சில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு தொகுப்புகளோடு ஏடு முடிந்துவிடுகிறது. பழைய பத்திரிகை, சஞ்சிகை, கடிதம், பதிவேடு, வாய்மொழி எதையும் தொடுவதில்லை. 2005ல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. மலையகத்துக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே தனித் தொகுப்புகள் உண்டு. கைத்தொலைபேசியில் திறக்கலாம். அதைக்கூடத் திறக்காமல் எழுதிய மலையக இலக்கிய ஏடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மொழி. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட ஒரு கட்டுரையாவது வாசிக்கப்பட்டதற்கான தடயம் பெரும்பாலான ஏடுகளில் இல்லை. மலையகம் பற்றியும் இலங்கை முஸ்லிம்கள் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். தமிழ் படிப்பவருக்குத் தமிழ் போதும் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

இந்த மூன்று குறைகளும் இலக்கியக் குறைகள் மட்டுமல்ல; பிள்ளையின் வாழ்க்கையைத் தொடுபவை. கேள்வி கேட்டு, ஆதாரம் தேடி, வேறு மொழியில் உள்ளதையும் வாசித்து, ஒழுங்குபடுத்தி, தெளிவாக எழுதுதல் என்ற ஐந்தும்தான் பத்திரிகை அலுவலகமும் மொழிபெயர்ப்புப் பகுதியும் ஆவணக் காப்பகமும் நிர்வாக சேவைப் பரீட்சையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் ஒருவரிடம் தேடுபவை. சடங்காக எழுதப்பட்ட ஏடு இந்த ஐந்தில் ஒன்றையும் பழக்குவதில்லை. பட்டம் கையில் இருக்கிறது. பழக்கம் கையில் இல்லை.

முன்னோர் செய்தது

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். நம் சமூகத்திலேயே செய்திருக்கிறார்கள்.

பாணந்துறை ஹேனமுல்லையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைமாணிக்கு எடுத்துக்கொண்ட பொருள், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பு. அது 1953ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. சீறாப்புராணத்துக்கு அப்பால் முஸ்லிம்களைப் பற்றித் தமிழ் இலக்கிய வரலாறுகள் அதிகம் பேசாத காலம் அது. "வேறு என்ன இருக்கிறது?" என்ற கேள்விதான் அந்த ஆய்வின் உயிர். அந்த ஒரு கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென இருக்கை அமைந்தபோது அதன் பேராசிரியராக அவரையே அழைத்தார்கள். பீ. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அந்தப் பெரிய பணிக்கெல்லாம் அடித்தளம் இளமையில் கேட்ட அந்தக் கேள்விதான்.

எம். ஏ. நுஃமான் பாடசாலை ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கியவர். கவிதையும் விமர்சனமும் எழுதியவர், ஆய்வுக்கு மொழியியலை எடுத்தார். தமிழ், சிங்களப் பெயர்த்தொடர்களை ஒப்பிட்டு அவர் செய்த ஆய்வு ஆங்கில நூலாகவும் வெளிவந்திருக்கிறது. இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ்வது இலங்கை முஸ்லிம்களின் அன்றாட அனுபவம். சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி. அந்த அன்றாடத்தை ஆய்வுப் பொருளாக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கா. சிவத்தம்பி கொழும்பு ஸாஹிராவில் படித்து, அங்கேயே கற்பித்து, பாராளுமன்றத்தில் சமகால உரைபெயர்ப்பாளராக இருந்து, பிறகுதான் பல்கலைக்கழக ஆசிரியரானார். க. கைலாசபதி பேராதனையில் பட்டம் பெற்றபின் தினகரன் ஆசிரியராக இருந்தவர். இருவரும் பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்ஸனிடம் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார்கள். தொம்ஸன் கிரேக்க இலக்கிய அறிஞர். சங்க இலக்கியத்தைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு அங்கிருந்து வந்தது. கைலாசபதியின் ஆய்வு 1968ல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. இவர்களுடைய வாழ்க்கையில் பத்திரிகை, உரைபெயர்ப்பு, பாடசாலை எதுவும் வீணான இடைக்காலமாக இருக்கவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பயிற்சியாக இருந்தது.

சிவத்தம்பி கற்பித்த காலத்து ஸாஹிராவின் அதிபர் ஏ. எம். ஏ. அஸீஸ். அவரும் கலை மாணவர்தான். வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்று, மேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போய், 1935ல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1948ல் ஸாஹிராவின் அதிபரானார். அதற்கு முன்பே, 1945ல், இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியிருந்தார். பணமில்லாததால் எந்த முஸ்லிம் பிள்ளையின் படிப்பும் நிற்கக்கூடாது என்பது அதன் நோக்கம். "ஆர்ட்ஸ் செஞ்சி என்னத்த செய்ற?" என்ற கேள்விக்கு இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே போதிய பதில்.

நியாயமான மறுப்பு

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமானது. அவர்களில் பெரும்பாலோர் ஆங்கில வழியில் படித்தவர்கள். பல்கலைக்கழகம் சிலருக்கு மட்டும் திறந்திருந்த காலத்தில், பேராசிரியரோடு நேருக்கு நேர் பேசிப் படித்தவர்கள். இன்று நிலைமை வேறு. 1960களின் தொடக்கத்தில் கலைப்பீடத்தில் தாய்மொழி வழிக் கல்வி வந்தது. அது வந்திராவிட்டால் பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் எந்தத் தோட்டத்துப் பிள்ளையும், பஸார்ப் பிள்ளையும் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க முடியாது. அந்த உரிமையைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை.

ஆனால் அதே மாற்றம் வேறொரு கதவை மெல்லச் சாத்தியது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தாய்மொழியில் படிப்பது வேறு, தாய்மொழியில் மட்டும் படிப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தை வெளியே காசு கொடுத்துப் படிக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தரும் ஆங்கில வகுப்பு ஒன்றுதான் வழி. அதையும், "பாஸ் பண்ணினா போதும்" என்று கடத்திவிட்டால் நான்காம் ஆண்டில் யாரும் காப்பாற்ற முடியாது.

நம்முடைய பொருளையே மற்றவர்கள் எப்படி ஆய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1572ல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் முந்தியதாகக் கருதப்படுகிறது. ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் அந்த நூல்மரபு தமிழிலும் மலாயிலும் ஜாவா மொழியிலும் எப்படி எப்படி மாறியது என்று ஒப்பிட்டு எழுதிய நூலை 2011ல் சிக்காகோ பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவர் தமிழர் அல்லர், முஸ்லிமும் அல்லர். மொழிகளைக் கற்றார், கேள்வி ஒன்றை வைத்திருந்தார். நம் பிள்ளைக்குத் தமிழ் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. மத்ரசாவில் அரபு எழுத்தும் கிடைத்திருக்கிறது. அரபுத் தமிழ் கிதாபை எடுத்து வாசிக்க இன்னும் கொஞ்சம் பழக்கம்தான் வேண்டும். அந்தத் திறமை உலகப் பல்கலைக்கழகங்களில் அரிதானது என்று நம் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை.

பசறையில் கிடைக்கும் பொருள்

பசறை பஸாரில் ஒரு மணி நேரம் நின்றால் ஆய்வுக்கான பொருள் காதில் விழும். பெரட்டு, லயம், செக்ரோல், கணக்கப்பிள்ளை என்ற தோட்டச் சொற்களை முஸ்லிம் வியாபாரி இயல்பாகப் பேசுகிறார். தோட்டத்துப் பெண் அவரை "நானா" என்று கூப்பிடுகிறார். நடுவே சிங்களச் சொற்கள். மூன்று பேச்சு கலக்கும் இந்த இடத்தின் மொழியை எழுதி வைக்க ஒரு மாணவர் வேண்டும்.

பழைய கடைகளில் தமிழெண் கலந்த கணக்குக் கொப்பிகள் இருந்தால், எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு அரிசி கடனாகப் போனது என்பதை அதில் பார்க்கலாம். பள்ளிவாசல்களின் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், பழைய நிக்காஹ் பதிவுகள், வீட்டு அலுமாரிகளில் கறையான் அரிக்கும் அரபுத் தமிழ் கிதாபுகள், பெரியம்மாமார் நினைவில் வைத்திருக்கும் தாலாட்டு, பைத்துகள், தோட்டங்களில் காமன் கூத்து, ஒப்பாரி. மலையக வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்குப் பின்னும் அந்த வேலை முடிந்துவிடவில்லை. பாடத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டு போகிறார்கள். இதைச் செய்ய விடுமுறையில் வீட்டுக்கு வந்தாலே போதும். பஸ் காசுகூட அதிகமில்லை.

இப்படி ஓர் ஏட்டை எழுதிய பிள்ளைக்குத் தொழிற் சந்தையிலும் சொல்ல ஏதாவது இருக்கும். 1987ல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்கின்றன. சட்டம் இருந்தும் ஒரு தோட்டத் தொழிலாளி தன் மொழியில் கடிதம் பெறுவது இன்றும் இலகுவாக இல்லை. இரண்டு மொழியிலும் பிழையின்றி எழுதக்கூடியவர்கள் போதாமை அதற்கு ஒரு காரணம். பஸாரில் சிங்களம் பேசத் தெரிந்த நம் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தெரியாது. அந்த இடைவெளியை இரண்டு ஆண்டில் நிரப்பலாம். நிரப்பியவருக்கு அரச மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகச் சொந்தமாகத் தொழில் செய்யும் வழி இருக்கிறது, ஊடகமும் பதிப்பும் இருக்கின்றன. ஆசிரியத் தொழிலுக்கு வந்தாலும் அவர் வேறு விதமான ஆசிரியராக இருப்பார்.

பட்டப்பின் படிப்பு எதற்கு

முதுகலைமாணி இன்று நம்மிடையே இரண்டு காரணத்துக்காகச் செய்யப்படுகிறது. ஒன்று, வேலை கிடைக்கும் வரை சும்மா இருக்காமல் இருக்க. மற்றது, வேலை கிடைத்த பின் பதவி உயர்வுக்கு. இரண்டையும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள் உண்டு. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9, ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. வார இறுதி வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி முடிக்கும் முதுமாணியும் ஆய்வேடு எழுதி முடிக்கும் முதுமாணியும் சான்றிதழில் ஒன்றுபோலத் தோன்றலாம். கலாநிதி ஆய்வுக்குப் போக நினைப்பவருக்கு வேறுபாடு பெரிது. விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காசைக் கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

வெளிநாடு என்றால் பொதுவாக மூன்று காரியங்கள் கேட்பார்கள். எதை ஆயப் போகிறேன் என்ற முன்மொழிவு, நீங்கள் எழுதிய ஒரு கட்டுரை, உங்கள் எழுத்தை உண்மையில் வாசித்த இரண்டு மூன்று ஆசிரியர்களின் கடிதம். மூன்றும் ஆய்வேட்டிலிருந்துதான் பிறக்கின்றன. கேள்வியில்லாத ஏட்டிலிருந்து முன்மொழிவு எழுத முடியாது. கடைசி வாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்த ஏட்டை வைத்து எந்த விரிவுரையாளரும் மனமார ஒரு கடிதம் எழுத முடியாது. பிரித்தானியாவில் முதுமாணி பெரும்பாலும் ஓராண்டு. புலமைப்பரிசில் இல்லாமல் நம்மால் நினைத்தும் பார்க்க இயலாத செலவு. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் கலாநிதி மாணவருக்குக் கற்பித்தல் உதவிப் பணியோடு பல ஆண்டுக்கு நிதி தருவது வழக்கம். ஆனால் போட்டி கடுமை. முடித்த பின் அங்கும் கலைத்துறை வேலைகள் சுருங்கிக்கொண்டுதான் வருகின்றன. அதைச் சொல்லாமல் ஆசை காட்டுவது நேர்மையல்ல. நமக்குக் கிட்டிய வழி இந்தியா. இந்திய அரசு இலங்கை மாணவருக்குத் தரும் புலமைப்பரிசில்களில் மௌலானா ஆசாத் பெயரிலுள்ளது முதுமாணிப் படிப்புக்கானது. கலைத்துறையும் அதில் அடங்கும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இருக்கிறது. தமிழகப் பல்கலைக்கழகங்களில் தமிழிலேயே கலாநிதி ஆய்வு எழுதலாம்.

ஆயத்தம் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் என் மாணவருக்கு நான் சொல்வது. இரண்டாம் ஆண்டில் ஊர் விடுமுறையில் ஒரு பொருளைச் சேகரிக்கத் தொடங்குங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வாரம் ஒரு கட்டுரை வாசித்துத் தமிழில் அரைப் பக்கச் சுருக்கம் எழுதுங்கள். மூன்றாம் ஆண்டில் அந்தப் பொருளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து இரண்டு பக்கம் எழுதி, ஒரு விரிவுரையாளரிடம் காட்டுங்கள். திருத்தித் தந்தால் மறுபடியும் எழுதிக் காட்டுங்கள். நான்காம் ஆண்டில் ஏட்டை எழுதி முடித்ததும், அதன் ஓர் இயலைச் சுருக்கிச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்புங்கள். நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் அப்போதே படியுங்கள். பெறுபேறு வந்த பிறகு என்று வைக்க வேண்டாம். ஆசிரிய நியமனம் வந்தால் தயங்காமல் எடுங்கள். கையில் சம்பளத்தோடு ஆய்வு செய்தவர்கள் குறைவில்லை.

நம் பொறுப்பு

எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டிவிட முடியாது. துறைகள் ஒரே எழுத்தாளர் பெயரைத் திருப்பித் திருப்பித் தலைப்பாக ஏற்றுக்கொள்வதை நிறுத்தலாம். பாடசாலையில் நாங்கள், கலைப்பிரிவு என்றால் மற்றப் பிரிவு கிடைக்காதவர்களின் பிரிவு என்று பிள்ளைகள் காதுபடப் பேசுவதை விடலாம். நம் சமூக அமைப்புகள் உயர்தரப் பிள்ளைகளுக்கு நடத்தும் வழிகாட்டல் கருத்தரங்குகளில் மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் பேசி முடித்து, கலைப்பிரிவுக்குக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். அதில் கலந்துகொண்டு பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பத்து நிமிடத்தில் அறிவுரை சொல்லலாம், வழி காட்ட முடியாது.

அஸீஸ் அவர்கள் 1945ல் செய்த காரியத்தைச் சிறிய அளவில் ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் செய்யலாம். முழுப் படிப்புச் செலவையும் தரச் சொல்லவில்லை. இறுதியாண்டிலிருக்கும் ஒரு பிள்ளைக்கு ஒலிப்பதிவு செய்யவும், பழைய ஏடுகளைப் படம் எடுக்கவும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு நான்கு தடவை போய்வரவும் ஆகும் செலவைக் கொடுத்தால் போதும். பதிலுக்கு அந்தப் பிள்ளை தன் ஏட்டின் ஒரு பிரதியை ஊர்ப் பள்ளிவாசல் நூலகத்தில் வைக்கட்டும். ஜும்ஆவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் தான் கண்டதைச் சொல்லட்டும். தோட்டத்துப் பிள்ளை என்றாலும் கொடுங்கள். அந்தப் பிள்ளை எழுதுவதும் நம் ஊரின் வரலாறுதான்.

இதுபோன்ற காலாண்டிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு இதழில் நான்கைந்து நல்ல இளமாணி ஆய்வேடுகளின் சுருக்கத்தைப் போடுங்கள். அச்சில் வரும் என்று தெரிந்தால் பிள்ளை எழுதும் விதம் மாறும். மேற்பார்வை செய்பவர் வாசிக்கும் விதமும் மாறும். இன்று பல ஏடுகளை எழுதியவரும் பரீட்சகர்களும் தவிர வேறெவரும் வாசிப்பதில்லை. வாசகர் இருக்கிறார் என்ற எண்ணமே கேள்வியைக் கொண்டுவரும்.

வரும் பெருநாள் விடுமுறைக்கு உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். நியமனத்தைப் பற்றி விசாரிக்கும் முன், "எதப் பத்தி எழுதுறீங்க? என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், அலுமாரியிலிருக்கும் பழைய கிதாபையோ கணக்குக் கொப்பியையோ எடுத்துக் கையில் கொடுங்கள்.